டியூனிங் பாக்ஸ் மாட்டிய டீசல் கார் மக்கர் செய்தால் எங்கே தொடங்குவது

இழுவையைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை மாட்டி சில மாதம் நன்றாகப் பறந்த டீசல் கார், ஒருநாள் திடீரென்று செக் இன்ஜின் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் இழுக்காமல் நிற்கும். உடனே பாக்ஸ் போய்விட்டது என்று புதுசுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பல நேரம் பாக்ஸ் நன்றாகவே இருக்கும், அது கூடுதலாக வாங்கும் வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வண்டியில் ஏற்கெனவே சோர்ந்து கிடந்த ஏதோ ஒன்று படுத்திருக்கும்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல வண்டி செத்துப்போவுது, பாக்ஸ மாத்திரவா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பாக்ஸக் கழத்திட்டு ஓட்டிப் பாத்தியளா?"

முதலில் பாக்ஸ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய காமன் ரயில் டீசல் இன்ஜினில் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு தேக்கிக் கொடுக்கும் பொதுக் குழாய்தான் 'ரயில்', அதன் அழுத்தத்தை அளக்க ரயில் பிரஷர் சென்சார் என்று ஒன்று உண்டு. பாக்ஸ் அந்த சென்சாருக்கும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் பிரஷரைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. ஈசியு அதை நம்பி பிரஷரை ஏற்றுகிறது, டீசல் கூடுதலாகப் போகிறது, இழுவை கூடுகிறது. ஆகவே பாக்ஸ் மாட்டியிருக்கும்போது ஸ்கேனரில் தெரியும் ரயில் பிரஷர் நிஜ அளவு இல்லை, ஈசியு நம்பிக்கொண்டிருக்கும் அளவு. இது தெரியாமல் அந்த எண்ணை வைத்து பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப்பட்டு செலவு செய்கிறவர்கள் நிறைய.

பாக்ஸைக் கழற்றுவதற்கு முன், வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, இருக்கிற கோடுகளை (அந்த எண்களைத்தான் கோடு என்கிறேன்) எழுதிவைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள், ப்ளூடூத் ஸ்கேனரே போதும். பிறகு சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், ஈசியு முழுசாக அடங்கட்டும். அப்புறம் பாக்ஸின் இரண்டு கனெக்டரையும் எடுத்துவிட்டு, வண்டியின் சொந்த கனெக்டரை 'டக்' என்று சத்தம் வரும்வரை சென்சாரில் நேராக மாட்டுங்கள். ரயில் குழாய்களிலும் அதன் நட்டுகளிலும் மட்டும் கை வைக்க வேண்டாம். அங்கே ஓடும் டீசலின் அழுத்தம் 1600 பாரையும் தொடும், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க வேண்டிவரும்.

இப்போது எந்தச் சாலையில் கோளாறு வந்ததோ அதே சாலையில், அதே ஆள் கணக்கோடு, அதே கியரில் ஓட்டுங்கள். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் வந்தது என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும், பாளையங்கோட்டைத் தெருவுக்குள் சுற்றிவிட்டு சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. நாலுவழிச்சாலையில் வள்ளியூர் தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி பக்கம் பார்ப்பதானால் போக வர இரண்டு திசையிலும் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று நல்ல வண்டியையே மந்தமாகக் காட்டும், திரும்பி வரும்போது அதே வண்டி பாய்ந்து வரும்.

பாக்ஸ் இல்லாமலும் கோளாறு இருந்தால் வண்டியைப் பாருங்கள். பி0087 கோடு வந்தால் ரயிலில் பிரஷர் போதவில்லை என்று அர்த்தம், முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், பம்பு அப்புறம். பி0299 என்றால் இன்ஜினுக்கு டர்போ தள்ளும் காற்று போதவில்லை. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள், கிளிப் ஓரத்தில் ஆயில் ஈரம் ஒட்டினால் அங்கேதான் காற்று கசிகிறது. கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். திசையன்விளை, உவரி பக்கம் ஓடும் வண்டிகளில் தேரிக்காட்டுச் செம்மண் ஃபில்டர் மடிப்புகளுக்குள் மாவு மாதிரி அடைந்து கிடக்கும், கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருந்தால் அந்த மண்ணுக்குக் கட்டுப்படியாகாது.

லைட்டே எரியாமல், மூன்றாவது நாலாவது கியரில் அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் நழுவல். பாக்ஸ் கூட்டிய டார்க்கை, அதாவது இழுவிசையை, பழைய கிளட்ச் தாங்கவில்லை. பாக்ஸைக் கழற்றினால் நழுவல் மறைந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுப் பாக்ஸ்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாக்ஸைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிறதா? அப்போதும் சந்தேகம் முதலில் போக வேண்டியது பெட்டி மேல் இல்லை, ஒயரிங் மேல். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலியில் தாமிரபரணி வெள்ளம் ஏறிய கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, ஜங்ஷன் பக்கம் நின்ற வண்டி என்றால் எல்லா கனெக்டரையும் ஒன்றுவிடாமல் பாருங்கள், இந்த அரிப்பு மெதுவாக வேலை செய்யும். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கெடும். பிசான நெல் அறுப்பு முடிந்து வயலிலிருந்து எலி வெளியேறும் நேரத்தில் ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள், டேப் சுற்றிய இடத்துக்குள்ளேயும்.

பி0192, பி0193 கோடுகள் சென்சார் சிக்னல் அறுவதையோ ஷார்ட் ஆவதையோ காட்டுபவை. இவை வந்தால் பாக்ஸை மாட்டி, வண்டியை ஐடிலில் விட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையை விலக்கி வைத்துக்கொண்டு கனெக்டரை லேசாக ஆட்டுங்கள். இன்ஜின் சத்தம் தடுமாறினால் இடம் கிடைத்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல், சென்சார் கனெக்டரின் மூன்று பின்னில் ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், மூன்றாவதான சிக்னலில் பெரும்பாலான வண்டிகளில் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும்.

ஒயரிங் சரி என்றால், எவ்வளவு இழுவை கூட்ட வேண்டும் என்று பாக்ஸில் வைக்கும் லெவல் எண்ணைக் குறையுங்கள். நிறைய பேர் வாங்கிய அன்றே கடைசி எண்ணில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் ஓட்டுங்கள், கோடு வந்த எண்ணுக்கு ஒன்று கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியை டர்போ பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ கட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒயர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தங்காது.

பிஎஸ்6 டீசலில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில், பாக்ஸே வேண்டாம் என்பது என் கருத்து. கூடுதல் கரி, புகையிலிருந்து கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் போய் அடையும், அதை மாற்றும் செலவு பாக்ஸ் விலையைப் பல மடங்கு தாண்டும். வாரன்டி இருக்கிற வண்டிக்கும் இதே பதில்.

இவ்வளவும் பார்த்து, லெவல் ஒன்றிலும் பாக்ஸ் இருந்தால் மட்டும் கோடு வருகிறது என்றால் அப்போது விற்றவரைக் கூப்பிடுங்கள். ஒயரிங் தனியாகக் கிடைத்தால் அதை முதலில் மாற்றித் தரச் சொல்லுங்கள். கோடு எண், எந்த லெவல், எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம்மில் வந்தது, பாக்ஸ் இல்லாமல் அதே ஏற்றத்தில் எப்படி ஓடியது, இதையெல்லாம் எழுதி, கனெக்டர் பின்னின் போட்டோவோடு அனுப்புங்கள், தட்டிக்கழிக்க இடம் இருக்காது.