பேரெண்ணை விரித்து எழுதும் முறை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,045. இதை நாம் வாயால் சொல்லிக் குழந்தையை எழுதச் சொன்னால், பல நேரங்களில் 34,58,45 என்றுதான் விடை வரும். ‘முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்து எட்டாயிரத்து நாற்பத்து ஐந்து’ என்று சொல்லும்போது நூறு என்ற பேச்சே எழாததால், அந்த இடம் ஒன்று காலியாக இருப்பதைக் காது உணர்த்துவதில்லை.

ஆகவே முதலில் தாளில் ஏழு கட்டங்கள் வரைந்து, வலமிருந்து இடமாக ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் என்று தலைப்பிட வேண்டும். பிறகு இலக்கங்களை வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். விரிவாக்கம் இவ்வாறு அமையும்:

34,58,045 = 30,00,000 + 4,00,000 + 50,000 + 8,000 + 40 + 5

இதில் 4 இருமுறை வருகிறது. இரண்டுக்கும் முகமதிப்பு (எங்கு நின்றாலும் மாறாத, இலக்கத்தின் சொந்த மதிப்பு) 4தான் என்றாலும், ஒன்றின் இடமதிப்பு (நிற்கும் இடத்தால் பெறும் மதிப்பு) நான்கு லட்சம், மற்றதன் இடமதிப்பு வெறும் நாற்பது. அதாவது முன்னது பின்னதைப்போல் 10,000 மடங்கு. இரு 5களுக்கு இடையிலும் இதே 10,000 மடங்கு இருப்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவது நல்லது.

நூறின் இடத்திலுள்ள சுழி விரிவாக்கத்தில் காணாமல் போவதைப் பார்த்து, அது தேவையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 2011 என்பது ௨௲௰௧ என எழுதப்பட்டது. இரண்டு ஆயிரம், ஒரு பத்து, ஒன்று என்று விரிவாக்கத்தையே எண்ணாக எழுதிய முறை அது. அதற்குச் சுழி வேண்டியிருக்கவில்லை. இன்றைய முறையில் இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்வதால், காலியான இடத்தைச் சுழி காத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இரண்டு லட்சத்து ஐந்நூறு ரூபாய்க்குக் காசோலை எழுதுபவர் 2,00,500 என்பதற்குப் பதில் 2,500 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், எந்தக் குழந்தைக்கும் இது விளங்கிவிடும்.

திருப்பூரிலிருந்து பின்னலாடை வாங்கும் அயல்நாட்டவர் நாம் முதலில் கண்ட 34,58,045ஐ 3,458,045 என்று எழுதுவார்கள். நாம் வலமிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி இடுகிறோம்; அவர்கள் மும்மூன்றாக இடுகிறார்கள். பத்து லட்சம் அவர்களுக்கு ஒரு மில்லியன். காற்புள்ளி நகர்ந்தாலும் எந்த இலக்கத்தின் இடமதிப்பும் மாறுவதில்லை.

பயிற்சிக்கு ஈரோடு மாவட்டத்தின் 2011 மக்கள்தொகையான 22,51,744ஐக் கொடுக்கலாம். அதை முடித்தவர்களுக்குப் பவானிசாகர் அணை இருக்கிறது. அதன் கொள்ளளவு 32.8 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. எனவே கொள்ளளவு 32,80,00,00,000 கன அடி. பதினோரு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணின் விரிவாக்கத்தில் மூன்றே உறுப்புகள்தான் வரும்: 30,00,00,00,000 + 2,00,00,00,000 + 80,00,00,000.