வந்து வந்து போகும் நடுக்கம்: சில்லைக் கழட்ட முதல் மணிக்கூட்டைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் கார், இரண்டாம் தலைமுறை, 1.8 லீற்றர். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் உறை போட்டு நிற்கும். ஞாயிறு விடிய மெரைன் டிரைவில் ஒரு ஓட்டம், மாதத்தில் ஒருமுறை காலிப் பக்கம், அவ்வளவுதான். போன வருடம் டயர் நாலையும் மாற்றினேன். அதற்குப் பிறகு 90ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. நடுங்கும், அடங்கும், திரும்ப நடுங்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் இராது. டொக்டர் வாசலைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி.

மூன்று தரம் வீல் பலன்ஸ் (சில்லின் பாரம் சுற்றிவரச் சமமா என்று) பார்த்தேன், ஒரு தரம் அலைன்மென்ட் (சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று). "கிளட்ச் போகப்போகுது" என்று ஒருவர் ஆரூடமும் சொன்னார். நல்லவேளை கிளட்சைக் கழட்டவில்லை. நான் சுற்றின சுற்றை நீங்களும் சுற்றாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

ஜக் வைப்பது, நட் கழட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது. ஸ்டாண்ட் வாங்குங்கள்.

1. நடுக்கம் எங்கே இருந்து வருகிறது?

ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சில்லைச் சந்தேகியுங்கள், சீட்டில் தெரிந்தால் பின்பக்கத்தை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள், இந்தப் பதிவு உங்களுக்கில்லை. நடுங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து, கியரை நியூட்ரலுக்குப் போட்டு ஓடவிடுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின் குற்றவாளி அல்ல. எனக்கு இருந்தது. கிளட்ச் ஆரூடம் அங்கேயே செத்தது.

2. காற்று

இந்தக் காருக்குக் கம்பனி சொல்லும் அளவு 26 பிஎஸ்ஐ. நம்மூர் டயர் கடையில் எந்தக் காராக இருந்தாலும் 32 அடிப்பார்கள், ஒன்றரை டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. குளிர்ந்த டயரில் நீங்களே அளந்து சரி செய்யுங்கள். கார் வாரக்கணக்கில் நின்றிருந்தால் டயரில் தட்டை விழுந்து முதல் சில கிலோமீற்றர் நடுங்கும், சூடேறினால் போய்விடும். அது நோயில்லை.

3. போனை வைத்து அளப்பது

ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்றொரு செயலியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை வைத்து, ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்று வரைபடமாகக் காட்டும். பணம் கட்டி வாங்கும் கருவிகளை நானும் இரவல் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வேலைக்கு இது தாராளம்.

என் டயர் 195/50 ஆர்15. சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீற்றர். 100 கிலோமீற்றர் வேகத்தில் கார் செக்கனுக்கு 27.8 மீற்றர் போகும், அதாவது சில்லு செக்கனுக்கு 15 தரம் சுற்றும். அதே வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் அது செக்கனுக்கு 50 சுற்று. பின்னச்சில் உள்ள டிஃபரென்ஷியலின் பல்சக்கர விகிதம் 4.1 என்றால், கியர்பெட்டியில் இருந்து அதற்கு வரும் தண்டு, அதாவது புரொப் ஷாஃப்ட், சில்லைவிட 4.1 மடங்கு சுற்றும்: 63. ஆக வரைபடத்தில் முனை 15க்குக் கிட்ட நின்றால் சில்லு, 50 என்றால் எஞ்சின், 60க்கு மேல் என்றால் ஷாஃப்ட். சில போன்கள் செக்கனுக்கு 100 தரம்தான் அளக்கும், அவற்றில் 50க்கு மேல் உள்ளதை நம்பாதீர்கள்.

கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, சட்ட வேகமான 100இல் பிடித்தேன். போன் மச்சானின் கையில். ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. முனை 15இல் ஆணி அடித்தது போல நின்றது. சில்லுதான். ஆனால் பலன்ஸ் மெஷின் மூன்று தரமும் பூச்சியம் காட்டியதே? அங்கேதான் நான் இரண்டு மாதம் தொங்கினேன்.

4. எத்தனை செக்கனுக்கு ஒருக்கா?

கெலனிகமவைத் தாண்டிய நேரான துண்டில் மச்சான் சும்மா இருக்கமாட்டாமல் எண்ணத் தொடங்கினான். நடுக்கம் உச்சிக்கு வந்ததும் "இப்ப" என்பேன், அவன் மணிக்கூட்டைப் பார்ப்பான். 36 செக்கன். அடுத்தது 38. அதற்கடுத்தது 37.

"மச்சான், இது வியாதியில்ல, டைம்டேபிள்" என்றான்.

சுற்றும் பொருள் ஒன்றாயிருந்தால் நடுக்கம் விடாமல் இருக்கும். சீராக வந்து சீராகப் போகிறதென்றால், ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சேர்ந்தும் வெட்டியும் போகின்றன என்று அர்த்தம். கோயில் மேளத்தில் இரண்டு தவில் தாளம் நூலளவு விலகிப்போனால் எப்படிக் கேட்கும், அதுதான். காரில் அப்படிப்பட்ட சோடி இடது முன்சில்லும் வலது முன்சில்லும்.

கணக்கும் பொருந்தியது. என் டயரின் ஆரை 288 மில்லிமீற்றர். ஒன்று மற்றதைவிட அரை மில்லிமீற்றர் சின்னது என்றால், 100இல் ஓடும்போது அது 37 செக்கனுக்கு ஒரு சுற்று முந்திவிடும். இரண்டு சில்லின் பாரம் கூடின பக்கமும் எதிரெதிராக நிற்கும்போது ஸ்டியரிங் ஆடும். ஒரே பக்கமாக நிற்கும்போது ஸ்டியரிங் அடங்கி, காரின் முகப்பு மேலும் கீழுமாக உதறும். நான் "அடங்கிவிட்டது" என்று நினைத்த நேரமெல்லாம் காலடித் தகடு அதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை.

பாதையில் ஏறியதும் ஒருநாள் உடனே நடுங்கியதும் ஒருநாள் பிந்தி நடுங்கியதும் இதனால்தான். ஒரு செங்கோண முடக்கில் திரும்பினால் வெளிச்சில்லு உட்சில்லைவிட 2.2 மீற்றர் கூடுதலாக ஓடும். அது ஒரு சுற்றுக்கும் மேல். காலி வீதியில் இருந்து கொட்டாவை போவதற்குள் எத்தனை முடக்கு! ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரித்தான் பாதையில் ஏறுவேன்.

உங்கள் நடுக்கத்துக்கு இப்படி ஒழுங்கான இடைவெளி இல்லாமல், பிரேக் பிடித்து ஓடிய பிறகுதான் வருகிறதென்றால் கலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பகுதி) நகரும் பின் இறுகியிருக்கிறதா பாருங்கள். ஓடிவந்து நிறுத்தியதும் ஒரு சில்லுக்கிட்ட மட்டும் அனல் அடிக்கும்.

5. சில்லைக் கழட்டி நடுவைப் பாருங்கள்

என் ரிம் கம்பனி ரிம் இல்லை, முந்தின சொந்தக்காரர் போட்டது. அதன் நடு ஓட்டை 73.1 மில்லிமீற்றர். சில்லு மாட்டும் காரின் நடுக்குமிழ், அதாவது ஹப், 54.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும், சென்டர் ரிங் என்பார்கள். இடது சில்லைக் கழட்டினேன். கறுப்புப் பிளாஸ்டிக் ரிங் ஓரிடத்தில் வெடித்து, பிரேக் சூட்டில் வளைந்து, உடைந்த வளையல் துண்டு மாதிரி ஹப்பில் தொங்கியது. வலது பக்கம் ரிங்கே இல்லை. ஹப்பில் அது இருந்த இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று ஒரு வட்டமாகத் தெரிந்தது. டயர் மாற்றும்போது, பலன்ஸ் மெஷினில் சில்லை நடுவில் பிடிக்கும் கூம்பு உள்ளிருந்து தள்ளி ரிங் விழுந்திருக்க வேண்டும். கடையில் ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

மெஷின் பொய் சொல்லவில்லை. அது கூம்பில் சில்லைச் சரியாக நடுப்படுத்தித்தான் அளந்தது. காரில்தான் நடு விலகியது. 15 கிலோ சில்லு அரை மில்லிமீற்றர் விலகினால், ரிம் ஓரத்தில் 40 கிராம் ஈயம் ஒட்டினதுக்குச் சமம். பலன்ஸ் கடையில் 5 கிராமுக்குச் சண்டை பிடிக்கிறோம்.

சோதிக்க ஒரு வழி: சில்லை ஹப்பில் மாட்டி, நட்டுகளைக் கையால் தளர்வாக விட்டு மேலே தூக்கி விடுங்கள். "டக்" என்று விழுந்தால் நடுவில் பிடிப்பு இல்லை.

6. ரிங்கும் இறுக்குதலும்

கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஏழெட்டுக் கடை ஏறினேன். ஒரு நானா பிளாஸ்டிக் ரிங்கை எடுத்துக் காட்டிவிட்டு, "தம்பி, வேகமா ஓடுற காருக்கு இத வாங்காதீங்க, லேத்துல அலுமினியத்துல கடைஞ்சு எடுங்க" என்றார். விற்க வந்தவரே வேண்டாம் என்றதால் நம்பினேன். நாலு ரிங்கும் லேத்தில் செய்தேன், பின்சில்லுக்கும் சேர்த்து. அலுமினியத்தில் ஒரு தொல்லை உண்டு: கடல்காற்றில் இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஹப்பைக் கம்பி பிரஷால் சுரண்டி, ரிங்கின் உட்பக்கம் மெல்லிய கிறீஸ் பூசுங்கள். நட் ஏறும் மரையில் படக்கூடாது.

சில்லு அந்தரத்தில் இருக்கும்போதே நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்குங்கள். பிறகு இறக்கி, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீற்றருக்குக் கொண்டுவாருங்கள். கடையில் நட் இறுக்கும் காற்றுத் துப்பாக்கியை என் காருக்குக் கிட்டவே விடமாட்டேன். முதல் நட்டையே அது முழு மூச்சாக இறுக்கிவிட்டால் சில்லு விலகின இடத்திலேயே உட்கார்ந்துவிடும். 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடி ஒருக்கா பாருங்கள்.

அடுத்த ஞாயிறு வெலிபென்ன வரை போனோம். மச்சான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் "இப்ப" சொல்லவே இல்லை.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் பார்த்து இருவர் கேட்டார்கள், தங்கள் காருக்கும் 54.1 தானா என்று. இல்லை! ஐந்து நட் உள்ள மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5க்கும் ஆர்எக்ஸ்-8க்கும் ஹப் 67.1, டொயோட்டா 86க்கு 56.1. வேர்னியர் அளவுகோலால் அளந்த பிறகு லேத்துக்குப் போங்கள்.

இன்னொன்று

கம்பனி ரிம் வைத்திருக்கும் ஒருவருக்கும் இதே மாதிரி நடுக்கம், ரிங் பிரச்சினை இருக்க வழியில்லை. மழை வெள்ளத்துக்குள் ஓட்டியிருக்கிறார். ரிம்மின் உட்பக்கம் ஒரு கைப்பிடி சேறு காய்ந்து ஒட்டியிருந்ததாம், இரண்டு முன்சில்லிலும். தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவியதும் போய்விட்டது. ஆகவே ஐந்தாம் படிக்கு முன் ஒரு வாளி தண்ணீரும் எடுத்து வையுங்கள்.