பழைய பியூட்டர் சட்டக் கண்ணாடியைக் கெடுக்காமல் சுத்தம் செய்வது

1920, 30களில் ஸ்வீடனில் செய்த, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைச் சட்டம் போட்ட கண்ணாடி கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது பாலிஷ் டப்பாவை. அதைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியின் முதுகைப் பாருங்கள்.

சட்டத்தின் பின்பக்கமோ விளிம்போ, எங்காவது ஒரு முத்திரை இருக்கலாம். எழுத்தும் எண்ணும் சேர்ந்திருந்தால் அது ஆண்டுக் குறி: ஏ8 என்றால் 1927, பி8 என்றால் 1928, எச்8 என்றால் 1934. 1924இல் எஸ்ட்ரிட் எரிக்சன் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்வென்ஸ்க்ட் டென் போன்ற பட்டறைகளின் பொருள்களில் இதைப் பார்க்கலாம். முத்திரை மேல் துணியை அழுத்தித் தேய்க்க வேண்டாம், மழுங்கிவிடும்.

அடுத்து ரசம், அதாவது கண்ணாடியின் பின்பக்கப் பூச்சு. வெள்ளைத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடியுங்கள். பிரதிபலிப்பு லேசான மஞ்சளாக இருந்தால் வெள்ளிப் பூச்சு. நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் அது இன்னும் பழைய, பாதரசம் கலந்த பூச்சாக இருக்கலாம்; பின்பலகையைக் கழற்றாமல், சூடுபடுத்தாமல், நிமிர்த்தியே வைத்து, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓரத்தில் ரசம் போன கரும்புள்ளிகள் விலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. புதுக் கண்ணாடி மாற்றுவதுதான் குறைக்கும்.

பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம். ஆண்டிமனியும் செம்பும் சிறிது சேர்ந்திருக்கும். மிருதுவான உலோகம் என்பதால் ஸ்டீல் உல், பற்பசை, சோப்புத் தூள் எதுவும் ஆகாது. எலுமிச்சையும் வினிகரும் அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டரில் இரண்டு மூன்று சொட்டு மென்மையான திரவ சோப்பு போதும். பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். வேறொரு துணியை வெறும் நீரில் நனைத்து சோப்பை எடுத்துவிட்டு, உடனே உலர்த்துங்கள்.

செதுக்கு வேலையில்தான் பொறுமை வேண்டும். கோடுகளுக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பழைய பாலிஷ். மென்மையான பிரஷ்ஷில் ஒயிட் ஸ்பிரிட்டை (பெயிண்டைக் கரைக்கும் மினரல் டர்பன்டைன்) லேசாகத் தொட்டு, கோட்டின் போக்கிலேயே இழுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். அடங்காத இடத்துக்கு மரப் பல்குச்சி, ஊசி கூடாது. கோட்டுக்குள் இருக்கும் கருமையை மட்டும் விட்டுவிடுங்கள். அதுதான் படத்தை எடுத்துக் காட்டுகிறது. பளபளவென்று தேய்த்த சட்டத்தில் பூவும் இலையும் எட்ட நின்றால் தெரியாது.

கண்ணாடியில் நேரடியாக எதையும் தெளிக்காதீர்கள். திரவம் விளிம்பு வழியே இறங்கி ரசத்தைத் தின்னும், அமோனியா கலந்ததென்றால் இன்னும் மோசம்.

கருத்த மேடுகளைக் கண்டு 'வெள்ளீய நோய்' என்று பயப்பட வேண்டாம். 13 டிகிரிக்குக் கீழே சாம்பல் பொடியாக உதிர்வது தூய வெள்ளீயத்துக்கு வரும் கேடு. ஆண்டிமனி அதைத் தடுக்கிறது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அரிப்பு. சுரண்டினால் கீழே குழிதான் இருக்கும்.

விரிசலுக்குச் சாதாரண சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது. பியூட்டர் 170 முதல் 230 டிகிரிக்குள் உருகிவிடும், அயர்னின் சூடு அதைவிட அதிகம். சட்டத்தில் ஓட்டை விழும்.

மாட்டும்போது எடையைப் பின்புற மரப்பலகை தாங்க வேண்டும், பியூட்டர் வளையம் அல்ல. பழைய கம்பியை மாற்றி, சுவரில் இரண்டு கொக்கி போடுங்கள். அடுப்புக்கு மேலும் குளியலறையிலும் வேண்டாம்.