மொட்டை மாடியில பாய் விரிச்சு எரிநட்சத்திரம் பாக்கலாம் வாங்க

வருஷத்துக்கு ஒரு எரிநட்சத்திர மழைதான் வீட்டோட சேர்ந்து பாக்க முடியும்னா நான் ஜெமினிட்ஸைத்தான் சொல்வேன், டிசம்பர் 13 ராத்திரி, விடிஞ்சா 14. நிறைய எரிநட்சத்திர மழைக்கு நடுராத்திரி தாண்டி முழிச்சுக் கிடக்கணும், சின்னப் பசங்களுக்கு அது ஆகுற காரியமில்ல. இதுல எரிநட்சத்திரம் கிளம்புற மாதிரி தெரியுற மிதுன ராசி எட்டு மணி வாக்குலயே கிழக்கால ஏறிடும், பத்து மணிக்கெல்லாம் நல்ல உயரத்துக்கு வந்துரும், ரெண்டு மணிக்கு கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல நிக்கும்.

மொதல்ல காலண்டர்ல நிலாவப் பாருங்க. பௌர்ணமியை ஒட்டி வந்தா பாதி மங்கிப்போயிடும். 2026-ல டிசம்பர் 9 வாக்குல அமாவாசை, அதனால 13-ஆம் தேதி மெல்லிசுப் பிறைதான், அதுவும் பத்து மணிக்குள்ள மறைஞ்சிடும், விட்றாதீங்க.

டெலஸ்கோப், பைனாகுலர் எதுவும் வேணாம், அதுல வானத்தோட ஒரு துண்டுதான் தெரியும், வெறும் கண்ணுதான் இதுக்கு நல்லது. பாய், தலகாணி, ஆளுக்கொரு போர்வை, பசங்களுக்கு காதை மூடுற குல்லா (பனி எறங்குறது பதினோரு மணிக்கு மேலதான் தெரியும்), ஃபிளாஸ்க்ல சுக்கு காபி, கொசுவத்தி. தெருலைட் கண்ணுல அடிச்சா தண்ணி டேங்க் நிழல்ல, இல்ல கைப்பிடிச் சுவர் மறைக்கிற மாதிரி தாழ்வாப் படுங்க. சின்னதுங்கள நடுவுல போட்டுக்கங்க, தூக்கக் கலக்கத்துல எழுந்து நடக்கும்.

இதுல ரொம்ப முக்கியமானது மொபைல். இருட்டுக்கு கண்ணு பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒருத்தர் ஒரு மெசேஜ் பாத்தா போதும் பக்கத்துல இருக்குறவங்களுக்கும் சேர்த்து அவ்ளோ நேரமும் வீணாப்போயிடும். எங்க வீட்ல மாடிப்படி ஏறும்போதே எல்லா போனையும் அரிசி டப்பா மேல வச்சுட்டுத்தான் போவோம், பெரியவங்களுக்கும் இதான் ரூல். டார்ச் தேவைப்பட்டா செவப்பு கலர் பேப்பர ரெண்டு மடிப்பா கட்டிக்கங்க.

எங்க பாக்கணும்? செவந்து மின்னுற திருவாதிரைய பசங்களுக்குக் காட்டுங்க, அதுக்கு வடகிழக்கால ஜோடியா ரெண்டு நட்சத்திரம் இருக்கும், நம்ம புனர்பூசம். எரிநட்சத்திரமெல்லாம் அங்கேருந்து கிளம்புற மாதிரிதான் தோணும், ஆனா அங்கயே மொறச்சுப் பாக்காதீங்க, அதுக்கிட்ட கோடு குட்டையா இருக்கும், கொஞ்சம் தள்ளிப் பாத்தாதான் நீளநீளமா இழுத்துட்டுப் போறது கிடைக்கும். ஆளுக்கொரு திசையப் பிரிச்சுக்கறது நல்லது.

எண்ணிக்கைக்கு நாங்க வச்சிருக்கது புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு கைப்பிடி, நடுவுல ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒண்ணு பாத்தா ஒரு கொட்டை, டங்குனு சத்தம் கேக்கும், யாரும் குனிய வேணாம், பேப்பர் பென்சில் வேணாம். அந்த சத்தம் கேட்டதும் தூங்கப்போன புள்ளகூட கண்ணத் தொறக்கும். பாட்டி மட்டும் ஒவ்வொண்ணுக்கும் "பச்ச மரத்தப் பாருங்கடா"ன்னு சொல்லுவாங்க, அது அவங்க காலத்து வழக்கம், பசங்களும் திரும்பி முருங்க மரத்தப் பாத்துட்டுத்தான் மறுபடி வானத்தப் பாக்குதுங்க.

கேள்வி வரும், தயாரா இருங்க. விழுறது நட்சத்திரம் இல்ல. 1983-ல கண்டுபிடிச்ச பேத்தான்ங்கிற சிறுகோள் விட்டுட்டுப் போன தூசி, நிறையது மணல் அளவுதான், செகண்டுக்கு 35 கிலோமீட்டர் வேகத்துல நம்ம காத்துல மோதி நூறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கிட்டக்கவே எரிஞ்சு போயிடுது.

ஒரு மணி நேரத்துல நூறு எரிநட்சத்திரத்துக்கு மேல தெரியும்னு படிச்சிருப்பீங்க, அது கும்மிருட்டு வானத்துக்கு. டவுன்ல மாடியில மணிக்கு பத்து பதினஞ்சு கிடைச்சாலே சந்தோஷம், அத பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ஊர்ல தாத்தா வீடு இருந்தா அங்க போங்க, வித்தியாசம் அவ்ளோ இருக்கும், ஆனா வயக்காட்டுல தரையில படுக்காதீங்க, கயித்துக்கட்டில் போட்டுக்கங்க.

டிசம்பர்னா நமக்கு மழக்காலம், மேகம் மூடும். அதனால 12 ராத்திரியும் ஒரு எட்டு மாடிக்குப் போய்ப் பாருங்க. ரெண்டும் போச்சுன்னா மே 5, 6 விடியக்கால நாலு மணி, ஈட்டா அக்வாரிட்ஸ்ங்கிற இன்னொரு எரிநட்சத்திர மழை, ஹாலி வால்நட்சத்திரம் விட்ட தூசி அது. ஐரோப்பாவ விட நம்ம பக்கம் நல்லாத் தெரியும், பசங்களுக்கு ஸ்கூலும் லீவு, எப்படியும் மாடியிலதான் படுத்திருப்பீங்க, அலாரம் மட்டும் வச்சாப் போதும்.