கஸ்டம்ஸில் போலிச் சரக்கைத் தடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே, வெளிநாட்டிலிருந்து போலி வந்தால் கஸ்டம்ஸ்காரர்கள் துறைமுகத்திலேயே பிடித்துவிடுவார்கள்." கும்பகோணம் பக்கம் இப்படி நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதல் தவறே இதுதான். புவிசார் குறியீட்டுக்கு, அதாவது ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்து அறியப்படும் பொருளுக்கான அடையாளத்துக்கு, அதைப் பதிவுசெய்யும் சென்னைப் பதிவகம் தரும் சான்றிதழ் வேறு, சுங்கத் துறையில் செய்யும் பதிவு வேறு. இறக்குமதியாகும் போலிச் சரக்கைத் தடுக்க 2007-ல் வந்த விதிகளின்படி உரிமையாளர் சுங்க ஆணையருக்கு அறிவிப்புக் கொடுத்து, கட்டணம் கட்டி, பிணைப்பத்திரமும் தரவேண்டும். அதிகாரிகள் தாங்களாகவும் சரக்கை நிறுத்தலாம். ஆனால் 5 நாளுக்குள் இந்த வேலைகளை முடிக்காவிட்டால் சரக்கை விட்டுவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு வரப்பு வெட்டுகிற கதை.

புவிசார் குறியீடு தனி ஆள் சொத்து அல்ல. அதனால் ஒரு பட்டறைக்காரர் மட்டும் போய் நிற்காமல், குறியீட்டைப் பதிவுசெய்த சங்கமோ அது அதிகாரம் கொடுத்தவரோ போகவேண்டும்.

அடுத்தது, சான்றிதழ் நகலை மட்டும் கொடுத்துவிட்டு வருவது. பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரி விளக்குப் பட்டறையில் வளர்ந்தவர் இல்லை. அவருக்குப் பித்தளை எல்லாம் பித்தளைதான். உங்கள் விளக்கின் எடை எவ்வளவு, தண்டும் அடிப்பாகமும் சேரும் மரை எப்படி இருக்கும், கடைசல் கோடு எப்படி விழும், உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து எப்படி வளையும் என்று அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் கொடுங்கள். போலி எந்த நாட்டிலிருந்து, யார் பெயரில், எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டால் மற்றதெல்லாம் வீண் என்பது என் கணிப்பு.

அப்புறம், கஸ்டம்ஸில் கொடுத்த போன் நம்பரை மாற்றிவிட்டு அவர்களிடம் சொல்லாமல் இருப்பது. சரக்கை நிறுத்திய நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் நீங்கள் நடவடிக்கையில் சேராவிட்டால் அது வெளியே போய்விடும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 10 வேலை நாள் கிடைக்கலாம். டிரேட்மார்க் வைத்திருப்பவர்கள் 10 ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். மகாமகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை, இது அதற்கும் முந்திக்கொண்டு வரும்.

செலவைக் கணக்கில் எடுக்காததும் தவறு. கிடங்கு வாடகை, போலியை அழிக்கும் செலவு எல்லாம் உரிமையாளர் தலையில்தான். தவறாகக் குற்றம் சாட்டினால் இறக்குமதியாளருக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டி வரலாம்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்கும் உறவினர் பையில் சொந்த உபயோகத்துக்கு ஒரு போலிக் கைக்கடிகாரம் இருந்தால் இந்த விதிகள் அதைத் தொடாது. காப்புரிமையும் (பேடன்ட்) 2018-க்குப் பிறகு இவற்றில் இல்லை. இன்னொன்று: போலி நம் நாட்டிலேயே, பக்கத்து மாவட்டத்தில் வார்க்கப்பட்டால் கஸ்டம்ஸுக்கு அதில் வேலையே கிடையாது. அதற்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான்.