டச்பேயில் கயாக்கும் துடுப்புப் பலகையும்: முதல் நாள் இறங்குபவர்களுக்கு

கயாக் என்பது உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு. துடுப்புப் பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போடுவோம். உங்களுக்கு நீந்தத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாவிட்டால் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி இருக்கிறதே என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. அங்கியும் வேண்டும், நீச்சலும் வேண்டும்.

காலம் மே முதல் செப்டெம்பர் வரை. வாடை தொடங்கிவிட்டால் பலகையைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிடுங்கள். இடம் திருகோணமலையின் டச்பே. உட்துறைமுகத் தண்ணீர் இன்னும் சாதுவானதுதான், ஆனால் அங்கே கடற்படைத் தளம் இருக்கிறது. நினைத்தபடி துடுப்புப் போட முடியாது. காலை ஆறரைக்குக் கடற்கரையில் இருங்கள். வெயில் ஏறுமுன் கரையேறிவிடலாம்.

இறங்குமுன் தென்னோலையைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் கச்சான் என்றால் ஒன்று வறுத்த கடலை, மற்றது மேற்கிலிருந்து வரும் காற்று. கடலை ஆளைக் கொல்லாது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலையே எழாது. கட்டடங்களும் மரங்களும் காற்றை மறைப்பதால் நிற்கும் இடத்தில் அது உடம்பில் படுவதும் இல்லை. தண்ணீர் தாம்பாளம் போலக் கிடக்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல நாள் வராது என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நிமிர்ந்து நின்று பெருமையாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் கரையில் நின்ற மச்சாள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தாள். பலகையைத் திருப்பி இருபது முறை துடுப்பு வலித்தேன். கோட்டைச் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. வள்ளத்தில் வந்த ஓர் ஐயா வேகத்தைக் குறைத்துச் சத்தமிட்டார்: "பிள்ளை, நின்றால் நீயேதான் பாய்மரப் பாய்! படு!"

குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்குக் கீழே செருகி, இரு கைகளாலும் தண்ணீரைத் தள்ளித்தான் கரை சேர்ந்தேன். பிறகு அவரே சொன்னார்: "தண்ணீரைப் பார்க்காதே, ஓலையைப் பார். ஓலை கடலைக் காட்டினால் இறங்காதே."

அன்றிலிருந்து என் சட்டம் இதுதான்: ஓலை கடல் பக்கம் நீண்டிருந்தால் பலகை வெளியே வராது. இலேசாக அசைந்தால் கயாக் மட்டும், அதுவும் இடுப்பளவுத் தண்ணீரில், கரைக்கு இணையாக.

கயாக்

இதில் தொடங்குங்கள். மேலே உட்காரும் பிளாஸ்டிக் வகைதான் என் தெரிவு. காற்றடைக்கும் கயாக்கைச் சிறு காற்றும் இழுத்துக்கொண்டு போய்விடும். (கனமான பிளாஸ்டிக் கயாக்கை வீட்டிலிருந்து கொண்டுவர எங்களுக்குச் சித்தப்பாவின் சிறிய பட்டா லொறி வேண்டியிருந்தது.) துடுப்பு அலகின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கட்டும். பாதத்தருகே தண்ணீரில் இறக்கி, இடுப்பருகே எடுத்துவிடுங்கள். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுத்தால் மறுநாள் தோள் வலிக்காது.

துடுப்புப் பலகை

காற்றடைக்கும் பலகை என்றால், அதில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரும்வரை அடியுங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ. கடைசி மூன்று பிஎஸ்ஐக்குத்தான் மூச்சு வாங்கும். அங்கே நிறுத்தினால் பலகை நடுவில் தொய்ந்துவிடும். துடுப்பு எவ்வளவு நீளம் என்று தெரிய, கையைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். பிடி மணிக்கட்டைத் தொட வேண்டும்.

காலில் கட்டும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். நான் முதலில் வாடகைக்கு எடுத்த பலகையின் கயிறு இரண்டாவது விழுகையிலேயே அறுந்தது. பலகை தனியே போனால் அதை நீந்திப் பிடிக்க முடியாது.

முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்த பிறகே ஏறுங்கள். அதற்கு முன் ஏறினால் பலகையின் அடியில் மீன் செட்டைபோல் நிற்கும் செதில் மணலில் குத்தி நிற்கும், நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள். சுமக்கும் பிடிதான் பலகையின் நடு. அதன் இருபுறமும் முழங்காலிட்டுச் சிறிது தூரம் போங்கள். பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழும்புங்கள். பாதங்கள் தோளகலம், முழங்கால் சற்று மடங்கி. கண் காலைப் பார்த்தால் விழுவீர்கள். கோணேசர் மலையைப் பாருங்கள்.

அலகைப் பிடிப்பதில் எல்லோரும் தவறுவார்கள். அகப்பையால் அள்ளுவதுபோல் பிடிக்கத்தான் கை போகும். அது தலைகீழ். அலகு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தலைகீழாகப் பிடித்துவிட்டுப் பலகையைக் குறை சொன்னவள் நான்.

விழுந்தால் பக்கவாட்டில் விழுங்கள். திரும்ப ஏற, நடுப்பிடியைப் பற்றி, கால்களைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். தொங்கிக்கொண்டு ஏறப் பார்த்தால் கால் பலகைக்கு அடியில் போய்விடும். இதைக் கரையருகே பத்து முறை செய்து பார்க்காமல் ஆழத்துக்குப் போகாதீர்கள்.

முடிந்ததும் பலகையை வெயில் மணலில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஒட்டு பிளந்துவிடும்.

பிறகு சேர்த்தவை

கயாக்கில் ஓட்டை, தண்ணீர் வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அந்தத் துளைகள் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. அடைக்க வேண்டாம்.

சுரிதாருடன் இறங்கலாமா? நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும், ஏற முடியாது. முழுக்கைச் சட்டையும் ஒட்டிய காற்சட்டையும் போதும். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் கரைவலையைக் கவனியுங்கள். கரையில் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு குழுக்கள் கயிறு இழுத்தால், இடையிலுள்ள கடல் முழுவதும் வலை. சுற்றிப் போங்கள். பலகையின் செதில் கயிற்றில் மாட்டினால் உங்களுக்கு ஒரு குளிப்பு, அவர்களுக்கு ஒரு நாள் உழைப்பு.

கோணேசர் மலையைச் சுற்றிப் போய், அதன் பாறைப் பிளவான இராவணன் வெட்டைக் கடலிலிருந்து பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. பாறையில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் அங்கே ஒன்றையொன்று வெட்டும், ஒதுங்க மணல் இல்லை. இயந்திரப் படகில் போய்ப் பாருங்கள், அல்லது கோயிலுக்குப் போகும்போது மேலிருந்து எட்டிப் பாருங்கள்.