மூன்லைட் சொனாட்டா முதல் பாகம்: ஈஸின்னு நினைச்சு வாசிக்கிறவங்க பண்ற தப்புகள்

பியானோ கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆனா போதும், பீத்தோவனோட மூன்லைட் வாசிச்சே ஆகணும்னு ஆசை வந்துரும். வரட்டும், தப்பில்ல. முதல் பாகம் மொத்தமே 69 பார் (நோட்டுல கோடு போட்டுப் பிரிச்ச கட்டம்), வேகம் கிடையாது, பெரிய தாவல் கிடையாது, கொஞ்ச நாள்ல விரலுக்குப் பழகிரும். விரலுக்குப் பழகினதும் பீஸ் முடிஞ்சிருச்சுன்னு மூடி வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் கெடுது. காது இன்னும் வேலையே ஆரம்பிச்சிருக்காது.

மொதல்ல டெம்போ, அதாவது வாசிக்கற வேகம். அடாஜியோன்னு (மெதுவான்னு அர்த்தம்) எழுதியிருக்கறத பாத்ததும் சவ ஊர்வலம் கணக்கா இழுக்கறாங்க. அதுக்குப் பக்கத்துலயே நடுவுல கோடு போட்ட சி ஒண்ணு இருக்கே, அத யாரும் கண்டுக்கறதில்ல. பாருக்கு நாலு பீட்டா எண்ணாதீங்க, ரெண்டா எண்ணுங்கன்னு அர்த்தம். அப்படி எண்ணினாலே பீஸ் தானா நகர ஆரம்பிக்கும். அஞ்சாவது பார் கடைசியில மேல ஜி ஷார்ப்ல மெலடி ஆரம்பிக்குது இல்லையா, அங்கேர்ந்து ஒன்பதாவது பார் வரைக்கும் வாயால பாடிப் பாருங்க, ரெண்டு மூச்சுக்குள்ள அடங்கலன்னா நீங்க ரொம்ப ஸ்லோ. இந்த இழுவைக்கு அந்தப் பேரும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். நிலாவுக்கும் பீத்தோவனுக்கும் சம்பந்தமே இல்ல, ரெல்ஸ்டாப்னு ஒரு விமர்சகர் சொன்ன உவமை அப்படியே ஒட்டிக்கிச்சு. 1802ல அச்சானப்ப பீத்தோவன் போட்ட தலைப்பு "ஃபேன்டசி மாதிரி ஒரு சொனாட்டா", அவ்ளோதான்.

அடுத்தது, இதான் பெரிய தப்பு, ட்ரிப்லெட்ட (மூணு மூணா சமமா ஓடுற நோட்டுகள) கேக்க வைக்கிறது. வலது கை இங்க ரெண்டு ஆள் வேலை பாக்குது, சுண்டு விரல்ல மெலடி, மத்த விரல்ல பாருக்கு 12 ட்ரிப்லெட் நோட்டு. கட்டைவிரல் இயல்பாவே கனம், அது ஒவ்வொரு தடவையும் டொம் டொம்னு விழுந்தா மேல இருக்கற மெலடி காணாமப் போயிரும். உடனே சுண்டு விரல தூக்கிக் குத்துவாங்க, அதுல சத்தம்தான் வரும், பாட்டு வராது. கை கனத்த லேசா சுண்டு விரல் பக்கம் சாய்ச்சாலே போதும். பிராக்டிஸ் பண்றப்ப மெலடிய மட்டும் நல்லா ஒலிக்க விட்டு, ட்ரிப்லெட் கீயெல்லாம் சத்தம் வராம சும்மா தொட்டுட்டு மட்டும் போங்க. எரிச்சலா இருக்கும், கை சொன்ன பேச்சு கேக்காது, ஆனா கொஞ்ச நாள் விடாம செஞ்சா வித்தியாசம் உங்க காதுக்கே தெரியும்.

ரிதம்லயும் ஒரு பொறி இருக்கு. மெலடியில புள்ளி வச்ச நோட்டுக்கு அடுத்து வர்ற சின்ன நோட்ட ட்ரிப்லெட்டோட மூணாவது நோட்டு கூடவே சேத்து அடிச்சுடறாங்க. ஒரு ட்ரிப்லெட் ஓடுற நேரத்த (பாருல நாலுல ஒரு பங்கு) 12 துண்டா வெட்டினா, அதோட மூணாவது நோட்டு 8 துண்டு முடிஞ்சதும் வரும், மெலடி நோட்டு 9 துண்டு முடிஞ்சதும் வரும், அவ்ளோ சின்ன இடைவெளி. அத விட்டுட்டா அந்த மெலடிக்கு இருக்கற ஏக்கமே போயிரும். ட்ரிப்லெட்டுக்கு அப்புறம்தான் அது வரணும்னு பீத்தோவன்கிட்ட படிச்ச செர்னியே சொல்லிருக்கார்.

பெடல் பத்தி சண்டை ஓயாது. ஆரம்பத்துலயே "சென்ஸா சோர்டினோ"ன்னு எழுதி வச்சிருக்கார், தந்திய அமுக்கற டேம்பர் இல்லாம வாசின்னு அர்த்தம், அதாவது பெடல அமுக்கியே வை. அத அப்படியே நம்பி இன்னைக்கு இருக்கற பெரிய கிராண்ட் பியானோல கடைசி வரைக்கும் காலை எடுக்காம வச்சா ஒரே சேறுதான், ஏன்னா 1801ல இருந்த வியன்னா பியானோல சத்தம் சீக்கிரம் தேய்ஞ்சிரும், இப்ப இருக்கறதுல நின்னுட்டே இருக்கும். (ஆண்ட்ராஸ் ஷிஃப்னு ஒரு பியானோ கலைஞர் காலை எடுக்காமத்தான் வாசிக்கணும்னு வாதாடுவார், ஆனா அவர் டெம்போவும் வேகம், காதும் வேற லெவல்.) நமக்கு பாஸ் (இடது கை வாசிக்கற கீழ் சுரம்) மாறுறப்ப பெடல மாத்தறதுதான் நல்லது. அதுலயும் கையும் காலும் ஒண்ணா இறங்கக் கூடாது, புது பாஸ் ஒலிக்கற நொடியில கால் மேல வரணும், ஒலிச்சப்புறம் மறுபடி இறங்கணும்.

பிராக்டிஸ் பண்ற விதத்துல ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவேன், தினமும் முதல் பார்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அப்படிப் பண்றவங்களுக்கு முதல் பக்கம் பளபளன்னு இருக்கும், 32வது பார்ல கை மேல ஏறுற இடம் எப்பவும் தடுமாறும், எக்ஸாம்ல நடுவுல நின்னா திரும்ப முதல்லேர்ந்துதான் போக முடியும். கடைசி பத்து பார், அதுக்கு முன்னாடி பத்துன்னு பின்னாடியிலேர்ந்து வாங்க. இடது கை பாஸ மட்டும் தனியா வாசிங்க, சி ஷார்ப், பி, ஏ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். அந்த எஃப் ஷார்ப் மேல வலது கையில ஒரு டி நேச்சுரல் வருது, அந்த ஸ்கேல்லயே இல்லாத சுரம், மூணாவது பார்லயே ஒரு நிழல் விழற மாதிரி இருக்கும், பல பேர் அத கவனிக்காமயே வருஷக்கணக்கா வாசிக்கறாங்க.

சத்தமா உணர்ச்சி காட்டறதும் இங்க வேலைக்கு ஆகாது, இந்தப் பாகம் முழுக்க ஃபோர்ட்டேன்னு (சத்தமான்னு) ஒரு இடத்துல கூட எழுதல. கடைசிப் பக்கத்துல மெலடியோட அந்த ஜி ஷார்ப் இடது கைக்கு இறங்கிரும், அப்பவும் வலது கையவே பாடவிட்டா கேக்கறவங்களுக்கு என்ன நடக்குதுன்னே புரியாது. முடிஞ்சதும் எழுந்திரிச்சு கும்பிடு போட்டுடாதீங்க, அடுத்த பாகத்த உடனே தொடங்கச் சொல்லி எழுதியிருக்கார். மூணாவது பாகம் ப்ரெஸ்டோ (ரொம்ப வேகம்), அது வேற மிருகம், அதுக்கு இந்த விரல் பழக்கம் எதுவும் உதவாது.